பாதி வீடும் ஒரு கோல் கீப்பரும்

பைன் ஹார்பர்,
வியாழக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் வில்பர்ட் ஹெய்க்கினென் அவர்களுக்கு, உங்கள் தங்கை டோரினின் கணவன் நார்பர்ட் லாஷான்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே டோரினும் நானும் நாயும் உடல்நலத்தோடு இருக்கிறோம். ஸ்லேட்டனில் நீங்களும், லூசில் அக்காவும், போன கோடையில் மாற்றி வைத்த உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்க மனதார வேண்டுகிறேன். உங்கள் ஊர்க் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணி மட்டும் அவ்வளவு சுகமாக இருக்க வேண்டாம்.

இத்தனை வருடமாக ஒரு வரி எழுதாதவன், கிறிஸ்துமஸ் அட்டையில்கூடத் தன் கையெழுத்து விழாமல் பார்த்துக்கொண்டவன், திடீரென்று மரியாதையாக எழுதுகிறானே என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும், நியாயமான சந்தேகம்தான். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைக்கிறேன். மாமனார் கட்டிய இந்த வீட்டில் சரிபாதி உங்களுடையது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆமாம் மச்சான், சரியாகத்தான் படித்தீர்கள். நின்றுகொண்டு படித்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள், முழங்கால் முக்கியம். நீங்கள் எப்போதும் கேட்ட வடகிழக்கு மூலை அறை, சவுனா என்கிற நீராவிக் குளியலறை, கிணறு, ஏரிக்கரையை ஒட்டிய துண்டு நிலம், எல்லாம் உங்களுக்கு. தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்குப் பதிலாக நீங்கள் எனக்கு ஒரே ஒரு சின்ன உதவி செய்ய வேண்டும். அது என்ன என்று சொல்வதற்கு முன்னால், நேற்று மத்தியானத்திலிருந்து நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஸ்லேட்டன்வரை பனி வாரும் வண்டி ஓட்டும் லீராய் பதினோரு மணிக்கு இந்தக் கடிதத்தை வாங்கிப்போக வருகிறான், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நாளை இரவு நம் இரண்டு கல்லூரிக்கும் பிளே ஆஃப் முதல் சுற்று ஆரம்பம். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவன் மேலே போவான், தோற்றவன் மட்டையைக் கழுவி வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிப்பான். ஆட்டம் எங்கள் பனித்தளத்தில்தான், ஏனென்றால் பட்டியலில் நாங்கள் உங்களுக்கு ஒரு படி மேலே. வயதான காலத்தில் மறந்திருப்பீர்கள் என்று நினைவுபடுத்துகிறேன். ஆனால் படி மேலே இருந்து என்ன பிரயோஜனம்? இந்த வருடம் உங்கள் முள்ளம்பன்றிகள் அணியோடு எங்கள் நீர்நாய்கள் அணி நாலு தடவை மோதி மூன்றில் மண்ணைக் கவ்வியதை ஊரே பார்த்தது. போன வாரம் முழுக்கப் பெட்ரோல் பங்க் காபி மேசையில் இதே பேச்சுதான். ஓய்வுபெற்ற முடிதிருத்துநர் ஹார்லன் பெக்கை உங்களுக்குத் தெரியும், எங்கள் ரசிகர் மன்றத்தின் செயலாளர், கத்தரிக்கோலைக் கீழே வைத்தாலும் வாயைக் கீழே வைக்காதவன். அவன் புலம்பல் தாங்கவில்லை.

"நம்ம ப்ரூயிட் கோல்ல நிக்கிறப்போ காலை அகட்டி வெச்சுக்கிட்டே நிக்கிறான்டா. பக் வட்டு நடுவுல புகுந்து போகுது. யாராவது அவன்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றான்.

"பயிற்சியாளர் சொல்லிட்டாராம். உடனே காலைச் சேர்த்துக்கிட்டு கையைத் தூக்கிட்டானாம்," என்றேன்.

"அங்க என்னடான்னா ஸ்வீடன்லேர்ந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரைக் கொண்டு வந்து இறக்கியிருக்கானுங்க. எவன் அண்ணன், எவன் தம்பின்னு நம்ம தடுப்பாட்டக்காரனுக்குப் புரியல. ரெண்டு பேரையும் விட்டுட்டு நடுவர் பின்னால ஓடறான்."

"இந்த வருசத்தை விடு ஹார்லன். அடுத்த வருசம் ப்ரூயிட் பட்டத்தை வாங்கிட்டுப் போயிடுவான். அப்போ யார் நிக்கிறது?"

"டுப்ரே வருவான்."

"டுப்ரே இன்னும் வாயைத் திறக்கலையே."

"அவங்க அம்மா இணையத்துல போட்ட படத்தைப் பார்த்தியா? சோபா உறை பச்சை. நம்ம கல்லூரி நிறம். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

ரெமி டுப்ரே யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் மனிடோபாவில் பிறந்து இளைஞர் லீக்கில் கோல் காக்கும் பையன். அவனுக்குப் பின்னால் ஒரு கொசு போக வேண்டுமென்றாலும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பயிற்சியாளரும் உங்கள் பயிற்சியாளரும் ஒரு வருடமாக அவன் வீட்டு வாசலில் மாறி மாறி நின்றார்கள். அவன் இந்த வார இறுதியில் நேரில் வந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான் என்று ஹார்லன் எங்கிருந்தோ துப்புத் துலக்கியிருந்தான். அதனால் இந்த வாரம் எங்களுக்கு ஒரு பயம் இல்லை மச்சான், இரண்டு பயம். இந்த வருடம் உங்களிடம் தோற்போமோ என்பது ஒன்று. அடுத்த நாலு வருடமும் உங்களிடம் தோற்போமோ என்பது இன்னொன்று.

இப்போது விதியைச் சொல்கிறேன். நீங்களே ஸ்லேட்டன் ரசிகர் மன்றத்தின் துணைத்தலைவர், உங்களுக்கும் இது அத்துப்படிதான், இருந்தாலும் என் நெஞ்சு ஆறச் சொல்கிறேன். கல்லூரியில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரனுக்கு அந்தக் கல்லூரி ரசிகர் மன்றத்து ஆள் ஒரு கோப்பைக் காபிகூட வாங்கிக் கொடுக்கக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, வீட்டில் தங்க வைக்கக் கூடாது, கல்லூரியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆசை காட்டி இழுத்ததாக ஆகிவிடும். அப்புறம் அந்தப் பையன் அந்தக் கல்லூரிக்காக ஆட முடியாமலே போகலாம். ஒவ்வொரு செப்டம்பரும் மன்றத்து விருந்தில், எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, மன்றத் தலைவன் என்ற முறையில் நான்தான் எழுந்து நின்று இதை உரக்க வாசிப்பேன். மீறுகிறவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று என் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தும் வாசிப்பேன். இப்போது கண்ணாடி பார்த்து முகச்சவரம் செய்யவே கூச்சமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சாப்பாட்டு நேரத்துக்குள் தபால்பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை, அப்புறம் கம்பம் தெரியவில்லை, அப்புறம் ரோடே தெரியவில்லை. நாய் குரைத்த குரைப்பில் வெளியே போய்ப் பார்த்தால் ஒரு சின்னக் கார் எங்கள் வாசல் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது, உள்ளே ஒரு ஆள் கைகளை ஊதிக்கொண்டிருக்கிறான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உன் பெயர் என்ன, நீ எந்த விளையாட்டு ஆடுகிறாய், உனக்கு எந்தக் கல்லூரியில் ஆசை என்றா கேட்பீர்கள்? இந்தப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தவனை யாரும் அப்படியே விட்டுவிட்டுப் போனதில்லை. என் டிரக்கில் சங்கிலி கட்டி இழுத்தேன், முன்சக்கரம் தனியாகவும் கார் தனியாகவும் வந்தது. ரோட்டை மூடிவிட்டதாக ரேடியோ சொன்னது. ஆளை உள்ளே கூட்டி வந்தோம். ஆறடிக்கு மேல் உயரம், கண்ணைத் தவிர எல்லாவற்றையும் துணியால் சுற்றியிருந்தான், பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. சவுனாவில் உட்கார வைத்து உடம்பைச் சூடாக்கினோம், என் கம்பளிக் காலுறையையும் கால்சட்டையையும் கொடுத்தேன், கால்சட்டை அவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது, வடகிழக்கு மூலை அறையில் டோரின் படுக்கை போட்டாள். சாயங்காலம் மேசையில் மான்கறிக் குழம்பும் ஏலக்காய் ரொட்டியும். பையன் இரண்டு கிண்ணம் சத்தமில்லாமல் முடித்துவிட்டு மூன்றாவதில் கை வைத்தபோதுதான், சும்மா இருக்க முடியாமல் நான் வாயைக் கொடுத்தேன்.

"இந்தப் பனியில எங்க தம்பி கிளம்பினே?"

"பைன் ஹார்பர் சார். நாளன்னைக்கு ஆட்டம் பார்க்கணும்."

"அப்படிச் சொல்லு! நம்ம ஆளு! யார் பக்கம் நீ?"

"அதைச் சொல்ற நிலைமையில நான் இல்ல சார்."

"பக்கம் இல்லாம ஆட்டம் பார்க்க ஒருத்தன் வருவானா? நீ என்ன, நடுவரா?"

"இல்ல சார். கோல் கீப்பர்."

அவ்வளவுதான் மச்சான், ஆள் யார் என்று புரிந்துவிட்டது. என் கை என்னைக் கேட்காமலே நீண்டு அவன் முன்னாலிருந்த கிண்ணத்தை இழுத்துவிட்டது. பையன் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்க்கிறான். நான் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைப் பார்க்கிறேன். குழம்பு என் சட்டையில் இறங்குகிறது.

"நார்பர்ட், என்ன பண்றீங்க?" என்றாள் டோரின்.

"அவன் சாப்பிடக் கூடாது!"

"ஏன், ஒத்துக்காதா அவனுக்கு?"

"அவன் டுப்ரே!"

"யாரா இருந்தா என்ன, அவனுக்குப் பசிக்குது. கிண்ணத்தைக் கீழே வைங்க."

"மேடம், நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று பையன் பாதி எழுந்துவிட்டான். நல்ல மரியாதை தெரிந்த பையன், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

விதியைச் சொன்னேன். வண்டியில் ஏற்றியாயிற்று, குளிக்க வைத்தாயிற்று, உடுக்கக் கொடுத்தாயிற்று, சோறு போட்டாயிற்று, படுக்கை வேறு தயாராக இருக்கிறது. செய்யக் கூடாதது என்று நான் வருடா வருடம் வாசிப்பதில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. டோரின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் உங்க மன்றத்துல இருக்கேனா?" என்றாள்.

இல்லை. ஆட்டம் ரெண்டரை மணி நேரம், அதைப் பத்தின பேச்சு வாரம் பூராவா என்று கேட்டுவிட்டு அவள் எந்தக் காலத்திலும் சேர மறுத்தது உங்களுக்கே தெரியும்.

"அப்போ சாப்பாடு நான் போடறேன். நீங்க போடல. முடிஞ்சது."

"மானைச் சுட்டது நான்."

"உருளைக்கிழங்கு நான் போட்டது. கேரட்டும் நான் போட்டது." சொல்லிவிட்டு உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? கிண்ணத்தை என்னிடமிருந்து பிடுங்கி, மான்கறித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து நாய்க்குப் போட்டாள். நவம்பர் மாதம் மூன்று நாள் மரத்தின் மேல் விறைத்துப்போய் உட்கார்ந்து நான் சுட்ட மான். பையன் ஒவ்வொரு துண்டும் கீழே போவதைக் கண்ணால் வழியனுப்பினான்.

"அந்தக் குழம்புத் தண்ணி யாரோடது மேடம்?" என்று கவலையோடு கேட்டான்.

"கிணறு எங்க அப்பா தோண்டினது. குடி," என்றாள்.

அப்படியே வீடு முழுக்க ஒரு பாகப்பிரிவினை நடந்தது மச்சான். போர்வை அவள் தைத்தது, தரலாம். தலையணை மன்றத்துக் குலுக்கலில் எனக்கு விழுந்தது, நீர்நாய்ப் படம் போட்டது, தரவே கூடாது. அடுப்பு உங்கள் அம்மாவுடையது, விறகு நான் வெட்டியது. விறகு விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாமல், பையன் குளிரில் கிடக்கட்டுமா என்று அவள் கேட்டாள், நெருப்பை நீயே மூட்டினால் சூடு உன்னுடையது என்று வைத்துக்கொள்வோம் என்று நான் இறங்கி வந்தேன். காலுறையை மட்டும் பையனே கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டான். அவன் பாதத்தைப் பார்த்தேன். அந்தப் பாதம் கோல் வாயில் நின்றால் ப்ரூயிட் மாதிரி அகட்ட வேண்டிய அவசியமே வராது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

இனிமேல் பேச்சிலாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கல்லூரியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாது. அப்படியென்றால் எங்கே பார்ப்பது? திரைச்சீலை பச்சை, என் தொப்பியில் நீர்நாய், காபிக் கோப்பையில் நீர்நாய், கதவு மணியை அழுத்தினால் கல்லூரிப் பாட்டு. பனியைப் பற்றிப் பேசலாம் என்று ஆரம்பித்தால் பேச்சு பனித்தளத்தில் போய் நிற்கிறது. கடைசியில் நாயைக் கூட்டிக்கொண்டு கராஜில் போய் டிரக்குக்குள் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில், என் நாயோடு, என் மான்கறி நாயின் வயிற்றில் இருக்க, நான் கராஜில். ஜன்னல் வழியாகச் சமையலறை தெரிந்தது. டோரின் பாத்திரம் கழுவுகிறாள், பையன் பக்கத்தில் நின்று துடைத்துத் துடைத்து அடுக்குகிறான், என்னவோ சொல்கிறான், அவள் சிரிக்கிறாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் தோளைத் தட்டிக் கொடுக்கிறாள். அவள் விஷயம் தெரியாமல் எங்கள் கல்லூரியைப் புகழ்ந்து தொலைக்கிறாளோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே டிரக்கிலிருந்தே ஹார்லனுக்குப் போன் போட்டேன்.

"டுப்ரேயா? உன் வீட்டுலயா? கையைத் தொட்டுப் பார்த்தியா? எப்படி இருக்கு?" என்று முதலில் குதித்தான். நான் சோறு போட்டதைச் சொன்னதும் குதிப்பு நின்றுவிட்டது.

"கவலைப்படாதே. சாப்பாடு போட்டது டோரின், அவ மன்றத்துல இல்ல," என்றேன்.

"டேய், 'மன்றத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும்'னு வருசா வருசம் வாசிக்கிறது யாருடா? நீதானே? அந்த வரி வரும்போது குரலை வேற உயர்த்துவியே!"

அது எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. மான்கறி வீணாகப் போயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

"நார்பர்ட், ஒண்ணு சொல்றேன். முள்ளம்பன்றிப் பசங்க நமக்கு வெச்ச ஆப்பெல்லாம் ஒண்ணுமே இல்ல. நீ ஒரு கிண்ணம் குழம்புல வெச்சுட்ட," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்.

இன்று விடிந்ததும் காற்று அடங்கியது. லீராய் பனியை வாரிக்கொண்டே வந்து பையனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனான். லீராய் ஹாக்கியே பார்க்காதவன், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடுபவன், ஆகையால் விதிப்படி சுத்தமானவன். பையன் போகும்போது எனக்குக் கை கொடுக்க வந்தான், நான் இரண்டு கையையும் பையில் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். பாவம், நான் பெரிய முசுடு என்று நினைத்திருப்பான். அப்புறம் மனசு கேட்காமல், கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் அலுவலர் மிஸ் பிலிங்ஸுக்குப் போன் செய்தேன். உண்மையை நேராகச் சொல்லும் தைரியம் வரவில்லை.

"மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு ரசிகர் வீட்டு வாசல்ல ஒரு கார் பள்ளத்துல விழுந்து, அதுல ஒரு பையன் இருந்து..."

"மிஸ்டர் லாஷான்ஸ், ஒரு பேச்சுக்கு அந்தப் பையன் உயரம் எவ்வளவு?" என்றார் அந்த அம்மாள்.

நேற்று இரவே வந்திருக்க வேண்டிய டுப்ரே வரவில்லை என்று கல்லூரியே அவனைத் தேடிக்கொண்டிருந்ததாம். மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கக்கிவிட்டேன், கிண்ணத்தைப் பிடுங்கியதுவரை. அவர் கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. என்னென்ன நடந்தது, அந்த வீடு யாருடையது, வீட்டுக்காரர் எந்தக் கல்லூரியின் ரசிகர் என்று எழுத்தில் நாளைக் காலைக்குள் வேண்டும், அதற்கப்புறம்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். போனை வைத்தேன். அந்த வீடு யாருடையது என்ற கேள்வி மட்டும் காதிலேயே நின்றது.

அப்போதுதான் மச்சான், உங்கள் நினைவு வந்தது. இந்த வீட்டில் பாதி என்னுடையது என்று நீங்கள் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்! கூரை மாற்றியது நான், வரி கட்டியது நான், மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நாங்கள், ஊரை விட்டுப் போய் எதிரி அணிக்குக் கட்சி மாறியவனுக்கு இங்கே என்ன பங்கு என்று நானும் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன். இன்று காலை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய நியாயம். பையன் படுத்தது வடகிழக்கு மூலை அறை, அது உங்களுடையது. குளித்தது சவுனா, உங்களுடையது. குடித்தது கிணற்றுத் தண்ணீர், உங்களுடையது. கார் விழுந்த பள்ளம்கூட உங்கள் பக்கம்தான், அடி வைத்து அளந்து பார்த்துவிட்டேன். சாப்பாட்டு மேசை மட்டும் நடுவில் கிடந்தது, அதைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டேன், இப்போது அதுவும் உங்கள் பாதியில். ஆக, நேற்று முழுக்க அந்தப் பையன் என் விருந்தாளியே அல்ல. உங்கள் விருந்தாளி. உங்கள் சார்பில் உங்கள் தங்கை உபசரித்தாள், நான் பக்கத்துப் போர்ஷன்காரன் மாதிரி எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் கேட்கும் உதவி இதுதான். இத்துடன் இரண்டு தாள் இருக்கிறது. முதல் தாளில் பாதி வீடு உங்களுடையது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவது தாளில், என் பாதி வீட்டில் ரெமி டுப்ரேயைத் தங்க வைத்து உணவளித்தவன் நானே என்று உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறேன், கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டு லீராயிடமே திருப்பிக் கொடுத்தால் போதும். இதனால் அந்தப் பையன் உங்கள் ஸ்லேட்டனுக்கு ஆட முடியாமல் போகக்கூடும் என்பது உண்மைதான். வருத்தமான விஷயம். ஆனால் உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஸ்வீடன் அண்ணன் தம்பி இருக்கிறார்களே, எல்லாம் ஒருத்தருக்கே வேண்டுமென்று ஆசைப்படலாமா? ஒரு தட்டில் அப்பா கட்டிய வீட்டில் பாதி, இன்னொரு தட்டில் இன்னும் எங்கள் பச்சையா உங்கள் சிவப்பா என்றே சொல்லாத ஒரு பையன். யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம் மச்சான். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. எங்கள் ஊர் ஒரு கோப்பை தூக்கி நான் பார்த்ததில்லை, பார்க்காமலே போய்விடுவேனோ என்று இந்தக் குளிர்காலம் முழுக்கப் பயமாக இருந்தது. இப்போது அதற்கு நானே காரணமாகிவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய பயம். நாளைக்குத் தளத்தில் நாலாயிரம் பேர் என்னைத் திரும்பிப் பார்த்து, இவன்தான் குழம்பு ஊற்றியவன் என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது. பாதி வீடு போனால் மீதிப் பாதியில் படுத்துக்கொள்ளலாம். முதல் தாளை நான் எழுதும்போது டோரின் பின்னால் நின்று முழுக்கப் படித்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது வழக்கமே இல்லை என்பதால், அவளும் என்னைப் போலவே இடிந்துபோயிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். உறையை ஒட்டி, விலாசம் எழுதித் தானே லீராயிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ரோட்டில் ஹாரன் கேட்கிறது. முடிக்கிறேன்.

லூசில் அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் பரவாயில்லை. கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் உங்கள் அணிக்கு மிகக் குறுகிய வார இறுதியையும் அருள்வாராக.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
நார்பர்ட் லாஷான்ஸ்
(தலைவர், பைன் ஹார்பர் நீர்நாய்கள் ரசிகர் மன்றம், இன்னும் நீக்கப்படவில்லை)

பி.கு.: அண்ணா, இது டோரின் எழுதறது. லீராயைக் காபி குடிக்க உட்கார வெச்சுட்டு அவசரமா எழுதறேன். இவர் மேசையை அளந்துக்கிட்டு இருக்கார். அந்தப் பையன் நேத்து பாத்திரம் துடைக்கும்போதே எங்கிட்ட சொல்லிட்டான். போன வாரமே உங்க ஸ்லேட்டனுக்கு வாக்குக் கொடுத்துட்டானாம். எங்க ஊர்ப் பயிற்சியாளர் ஒரு வருசமா அலைஞ்சாரே, போன்ல சொன்னா நல்லா இருக்காது, நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டு ஆட்டத்தையும் பார்த்துட்டுப் போவோம்னுதான் அந்தப் பனியில கிளம்பியிருக்கான். நல்லா வளர்த்திருக்காங்க. காலையில மிஸ் பிலிங்ஸ்கிட்ட நானும் தனியாப் பேசினேன். வேற கல்லூரிக்குப் போற பையனுக்கு இவர் சோறு போட்டா யாருக்கும் எந்தத் தப்பும் இல்லையாம். பையன் முதல்ல பயிற்சியாளர்கிட்ட சொல்லட்டும், அதுவரைக்கும் இவர்கிட்ட நாமளும் சொல்ல வேண்டாம்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப சௌகரியமாப் போச்சு. நேத்தே சொல்லியிருந்தா இவர் முதல் தாளை எழுதியிருக்கவே மாட்டார். அதனால முதல் தாளைப் பத்திரமா வெச்சுக்கோங்க, சாட்சிக் கையெழுத்து நான் போட்டிருக்கேன். ரெண்டாவது தாளை உடனே அடுப்புல போடுங்க, அதுல நீங்க கையெழுத்துப் போட்டா உங்க கோல் கீப்பருக்கே வினை. இவரும் நீங்களும் முகத்தைத் திருப்பிக்கிட்ட நாள்லேர்ந்து கிறிஸ்துமஸ் அன்னைக்கு நான் சமைச்சது எதுவும் எனக்கு ருசிச்சதில்ல அண்ணா. நாளைக்கு ஆட்டத்துக்கு அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க, மூணாவது ஆட்டம் முடியற வரைக்கும் இங்கேயே தங்குங்க. விஷயம் தெரிஞ்சதும் இவர் பெருசாக் கத்துவார். கத்தட்டும், நீங்க உங்க பாதியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருங்க.